பொங்கலன்று இணையத்தளம் திறக்கிறோம், மூன்று வாரம்தான் இருக்கிறது, என்னென்ன பார்க்க வேண்டும்?

கேள்வியைச் சுருக்கிச் சொல்கிறேன், மற்றவர்களுக்கும் விளங்கட்டும். மட்டக்களப்புக் கல்லடியில் நீங்கள் நான்கு பேர். மருதமுனைக் கைத்தறிச் சேலை, சாரம், போர்வை எல்லாவற்றையும் நேரே நெசவாளர்களிடம் எடுத்து விற்க ஒரு தளம் கட்டி முடித்துவிட்டீர்கள். தைப்பொங்கலன்று நல்ல நேரம் பார்த்து, குத்துவிளக்கு ஏற்றி, பிரதம விருந்தினர் ஒருவர் பட்டனை அழுத்தத் தளம் திறக்க வேண்டும். அதற்குள் பார்க்க வேண்டியவற்றுக்கு ஒரு பட்டியல் கேட்டீர்கள், கூட்டம் கூடினால் தளம் ஓடுகிற சேர்வர் கணினி விழுந்துவிடுமோ என்றும், லைவ் சாட் போடலாமா என்றும் கேட்டீர்கள்.

பட்டியல் தரப் போவதில்லை தம்பி, அது தேடினால் நூறு கிடைக்கும். நான் களுவாஞ்சிகுடியில் இருந்துகொண்டு பத்துப் பன்னிரண்டு சின்னத் தளங்களாவது திறந்திருப்பேன், டியூட்டரி, ஹோட்டல், கடை என்று. அதில் எங்கே அடிபட்டேனோ அதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் தேதி. பொங்கல் நல்ல நாள்தான், ஆனால் தளம் திறக்கும் நாளும் விழா நாளும் ஒன்றாக இருக்கக் கூடாது. யோசித்துப் பாருங்கள், அது எங்கள் பக்கம் மாரிமழை இன்னும் விட்டிருக்காத காலம், கரண்ட் எப்போது போகும் என்று தெரியாது, வெள்ளம் நின்றால் கூரியர் வான் வராது. அன்றைக்கு லீவு, வங்கியில் ஆள் இருக்காது, அட்டையால் கட்டும் காசை வாங்கித் தருகிற பேமண்ட் கேட்வேக்காரனும் போன் எடுக்க மாட்டான், நீங்கள் நாலு பேரும் பொங்கல் பானைக்கு முன்னால் நிற்பீர்கள். மருதமுனையில் தறி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் அவர்களுக்கு ஓடரை எடுத்துச் சொல்ல ஒருவரும் இல்லை. ஆகவே பத்து நாள் முன்னால், ஒரு செவ்வாயோ புதனோ காலையில், சத்தமில்லாமல் தளத்தைத் திறந்துவிடுங்கள். வெள்ளி வேண்டாம், மதியம் நெசவாளர்கள் ஜும்ஆவுக்குப் போய்விடுவார்கள், பின்னேரம் ஏதாவது உடைந்தால் சனி ஞாயிறு இரண்டும் போகும். தெரிந்தவர்களில் இருபது பேருக்கு மட்டும் லிங்கைக் கொடுங்கள், உண்மையாகவே காசு கொடுத்து வாங்கச் சொல்லுங்கள். பொங்கலன்று விருந்தினர் தாராளமாகப் பட்டன் அழுத்தட்டும். நான் இரண்டு விழாக்களில் இப்படிச் செய்திருக்கிறேன், அவர் அழுத்தியதும் திரையில் வந்தது ஒரு கிழமையாக ஓடிக்கொண்டிருந்த பக்கம்தான், கைதட்டலில் ஒரு குறையும் இருக்கவில்லை.

இது சின்ன ஆட்களின் பயம் என்று நினைக்காதீர்கள். அமெரிக்க அரசாங்கம் மருத்துவக் காப்புறுதி எடுப்பதற்கு ஹெல்த்கேர் டொட் கவ் என்ற தளத்தை 2013 ஒக்டோபர் 1 அன்று ஒரேயடியாக 36 மாநிலங்களுக்குத் திறந்தது. முதல் நாளில் கடைசிவரை போய்ப் பதிவு முடித்தவர்கள் ஆறு பேர். ஆறாயிரம் இல்லை, ஆறு. பிறகு நாடாளுமன்ற விசாரணையில் ஒப்பந்தக்காரர்களே சொன்னார்கள், முழுத் தளத்தையும் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சேர்த்துச் சோதித்தது கடைசி இரண்டு வாரத்தில்தான் என்று. தனித்தனியாகப் பார்த்தபோது எல்லாம் வேலை செய்ததாம். இன்னொரு பிழையும் விட்டார்கள்: என்ன திட்டம், என்ன விலை என்று பார்ப்பதற்கு முன்பே எல்லோரும் கணக்குத் திறக்க வேண்டும் என்று வைத்தார்கள், வந்த கூட்டம் முழுக்க அந்த வாசலிலேயே நெரிந்து நின்றது.

உங்கள் சோதனைத் தளத்துக்குள் போய்ப் பார்த்தேன், நீங்களும் அதே வாசலைத்தான் வைத்திருக்கிறீர்கள். சேலையைத் தொட்டால் "பதிவு செய்க" என்று வருகிறது. என் மாமியிடம் போனைக் கொடுத்தேன், ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. நாலு விநாடி பார்த்துவிட்டு, "இதென்ன மனே, சாமானக் காட்ட முதல் என்ட பேரக் கேக்குது?" என்று திருப்பித் தந்துவிட்டார். முடிந்தது. கணக்கு இல்லாமலே வாங்க விடுங்கள், போன் நம்பரும் விலாசமும் போதும். அடையாள அட்டை இலக்கம் கேட்டிருக்கிறீர்களே, அது எதற்கு? சேலை விற்பதற்கு அது தேவையே இல்லை, 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்றும் நாட்டில் இருக்கிறது. கையில் வைத்திராத தரவு களவு போகாது.

மாமியிடம் செய்ததை நீங்கள் குறைந்தது ஐந்து பேரிடம் செய்ய வேண்டும். குழுவில் இல்லாத ஆள், அவருடைய சொந்தப் போன், அவருடைய டேட்டா, வைஃபை இல்லை. பக்கத்தில் இருந்து வாயை மூடிக்கொண்டு பாருங்கள், அதுதான் கஷ்டமான பகுதி. "அதை அழுத்துங்க அக்கா" என்று ஒரு தடவை சொல்லிவிட்டாலும் சோதனை வீண், வீட்டில் இருந்து வாங்குகிறவருக்குப் பக்கத்தில் நீங்கள் இருக்கப் போவதில்லை. எங்கே விரல் தயங்குகிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

விலாசப் படிவத்தில் விரல் நிச்சயம் தயங்கும். முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு பெட்டி வைத்து இரண்டையும் கட்டாயம் ஆக்கியிருக்கிறீர்கள், எங்கள் ஆட்களுக்கு இருப்பது ஒரு தலைப்பெழுத்தும் ஒரு பெயரும். ஒரே பெட்டி வையுங்கள். அஞ்சல் குறியீடு கட்டாயம் என்றால் மட்டக்களப்பு டவுனில் இருப்பவருக்கே 30000 என்பது ஞாபகம் வராது, கொக்கட்டிச்சோலையில் இருப்பவர் என்ன செய்வார்? எடுத்துவிடுங்கள். அதற்குப் பதில் "பக்கத்தில் உள்ள அடையாளம்" என்று ஒரு பெட்டி, கோயிலுக்குப் பின்னால், பள்ளிவாசல் ஒழுங்கை என்று எழுதட்டும், கூரியர் பொடியன் உண்மையில் அதை வைத்துத்தான் வீட்டைக் கண்டுபிடிக்கிறான். போன் நம்பரை ஒருவர் 077 என்று தொடங்குவார், இன்னொருவர் +94 போடுவார், மற்றவர் நடுவில் இடைவெளி விடுவார். எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டு உள்ளே நீங்கள் ஒழுங்காக்குங்கள், "தவறான இலக்கம்" என்று சிவப்பில் கத்தாதீர்கள்.

இப்போது கைத்தறிக்கே உரிய சிக்கல், இதைத்தான் நீங்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. தொழிற்சாலைச் சட்டை என்றால் ஒரே மாதிரி ஐந்நூறு இருக்கும். உங்களிடம் அந்த நிறத்தில், அந்தக் கரையில் ஒரே ஒரு சேலை. அதை இரண்டு பேர் ஒரே நேரத்தில் கூடைக்குள் போட்டால் யாருக்கு? இன்னும் மோசம், அதே சேலை நெசவாளர் வீட்டில்தான் மடித்து வைத்திருக்கிறது, வாசலுக்கு வந்த ஒருவர் கைக்காசு கொடுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டால் தளத்துக்கு எப்படித் தெரியும்? முதலாவதற்கு விடை சுலபம், பணம் கட்டும் பக்கத்துக்குப் போனவுடன் 15 நிமிடம் அந்தச் சேலையைப் பிடித்து வையுங்கள், கட்டாவிட்டால் விடுங்கள். இரண்டாவதற்குக் கணினியில் விடை இல்லை. தளத்தில் போட்ட சேலைகளை நீங்களே முற்பணம் கொடுத்து எடுத்து ஒரு அலுமாரியில் பூட்டி வைக்க வேண்டும், முதல் மாதத்துக்கு நாற்பது சேலை போதும். அதற்குக் காசு இல்லை என்றால் இருபது. ஆயிரம் சேலை காட்டி முந்நூறு இல்லை என்று சொல்வதை விட இது மேல்.

படத்தில் நிறம் மாறுவதால்தான் திருப்பி அனுப்புவார்கள், அளவால் இல்லை. டியூப்லைட்டில் எடுத்த மயில் கழுத்து நிறம் போனில் வெறும் நீலமாகத் தெரியும். காலை ஒன்பது மணிக்கு விறாந்தையில், வெயில் நேரே படாத இடத்தில், ஒரே போனால் எல்லாவற்றையும் எடுங்கள். போன் படம் ஒன்று நாலைந்து எம்பி இருக்கும், அதை அப்படியே ஏற்றியிருக்கிறீர்கள், முதல் பக்கத்தில் இருபது படம். ரீலோட் போட்டு டேட்டா பாவிக்கிற ஒருவர் உங்கள் முதல் பக்கத்தைப் பார்க்கவே நூறு எம்பி கொடுக்க வேண்டுமா? ஒவ்வொன்றையும் 150 கேபிக்குள் கொண்டுவாருங்கள், வெப்பி (WebP) என்ற பட வடிவத்தில் போட்டால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. சேர்வர் விழுமோ என்று பயந்தீர்களே, சின்னத் தளங்களில் பெரும்பாலும் சேர்வரை விழுத்துவது கூட்டம் இல்லை, இந்தப் படங்கள்தான்.

சரி, காசு. கேட்வேயில் சோதனைக் கணக்கு வேறு, உண்மைக் கணக்கு வேறு, தளத்தில் போடுகிற இரகசியச் சாவியும் வேறு. உண்மைக் கணக்குத் தருவதற்கு வியாபாரப் பதிவு, வங்கிக் கணக்கு, தளத்தில் பணம் திருப்பிக் கொடுக்கும் விதி, தரவுக் கொள்கை எல்லாம் பார்ப்பார்கள், ஒரு கடதாசி குறைந்தால் திருப்பி அனுப்புவார்கள். இன்னும் விண்ணப்பிக்கவில்லை என்றால் இந்தப் பதிலை இதோடு நிறுத்திவிட்டு அதை முதலில் செய்யுங்கள். வெளிநாட்டு அட்டைகள் ஓடுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள், உங்கள் சேலைக்குக் கனடாவிலும் இலண்டனிலும்தான் ஆள் அதிகம்.

பிறகு ஒரு காட்சியை நடத்திப் பாருங்கள். வாங்குபவர் அட்டை விவரம் கொடுத்துவிட்டார், வங்கி காசை எடுத்துவிட்டது, அந்த நொடியில் கரண்ட் போய் ரௌட்டர் நிற்கிறது, அல்லது அவர் பொறுமையில்லாமல் பக்கத்தை மூடிவிட்டார். உங்கள் தளத்துக்குத் திரும்பி வரவே இல்லை. ஓடர் பதிவானதா? "நன்றி" பக்கம் திறந்தால்தான் ஓடரைப் பதிகிற மாதிரி எழுதியிருந்தால் காசு போயிருக்கும், ஓடர் இருக்காது. நான் ஒரு கடைக்குச் செய்த தளத்தில் இதையேதான் செய்து வைத்திருந்தேன், மூன்றாம் நாள் ஒரு அம்மா ஏறாவூரிலிருந்து போன் எடுத்துக் காசை விழுங்கிவிட்டீர்கள் என்று ஏசும்போதுதான் எனக்குத் தெரிய வந்தது. கேட்வேயின் சேர்வர் உங்கள் சேர்வருக்கு நேரடியாக ஒரு அறிவித்தல் அனுப்பும், அந்த அறிவித்தலை வைத்துத்தான் ஓடரை உறுதி செய்ய வேண்டும், அது உண்மையாகவே கேட்வேயிடமிருந்து வந்ததா என்று கையொப்பத்தையும் சரிபார்க்க வேண்டும். உங்கள் மடிக்கணினியில் இதைச் சாதாரணமாகச் சோதிக்க முடியாது, வெளியிலிருந்து அந்த அறிவித்தல் உங்கள் மடிக்கணினியைக் கண்டுபிடித்து வராது. அதனால்தான் நூறு ரூபாவுக்கு ஒரு கைக்குட்டையைப் போட்டு, உண்மைத் தளத்தில், சொந்த அட்டையால் வாங்கி, பாதியில் பக்கத்தை மூடிப் பாருங்கள் என்கிறேன். பிறகு அந்தக் காசைத் திருப்பிக் கொடுத்தும் பாருங்கள். வங்கிக்கு எத்தனை நாளில் வருகிறது, எவ்வளவு கழிக்கிறார்கள் என்பதும் அதில் தெரிந்துவிடும்.

தமிழுக்கு என்று தனியாகச் சில பிழைகள் உண்டு, வெளிநாட்டுப் பட்டியல்களில் இவை இருக்காது. நெசவாளர்களைப் பற்றிய குறிப்பை யாரோ பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டித் தந்திருப்பார்கள், எங்கள் ஊரில் அச்சகம் முதல் பள்ளிக்கூடம் வரை இன்னும் பாமினிதான். அதை அப்படியே ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும், யூனிகோடுக்கு மாற்றிய பிறகும் ஒரு தடவை முழுதாக வாசியுங்கள், மாற்றும்போது சில எழுத்து இடம் மாறும். உங்கள் தளத்தில் "போர்வை" என்று தேடினேன், ஒன்றும் இல்லை என்றது, ஆனால் கீழே ஆறு போர்வை இருக்கிறது. காரணம் இதுதான்: ஓகாரத்தை ஒரே குறியாகவும் தட்டலாம், ஏகாரக் குறியையும் கால் குறியையும் தனித்தனியாகப் போட்டும் தட்டலாம், கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு இரண்டு வேறு சொல். சேமிக்கும்போதும் தேடும்போதும் என்எஃப்சி (NFC) என்ற யூனிகோட் முறையில் ஒருநிலைப்படுத்தினால் போய்விடும், ஒரு வரி வேலை. தலைப்புகளில் எழுத்துக்கு இடையே இடைவெளி கூட்டியிருப்பதையும் வரி உயரத்தைக் குறைத்திருப்பதையும் எடுத்துவிடுங்கள், ஆங்கிலத்துக்கு அழகாக இருக்கும், தமிழில் கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கமாக விலகி நிற்கிறது, "றீ"யின் சுழி மேலே வெட்டுப்படுகிறது.

குறுஞ்செய்தியும் அப்படித்தான். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து, தமிழ் சேர்ந்தவுடன் 70. அதிலும் புள்ளியும் கொம்பும் தனித்தனியாகக் கணக்கு. "உங்கள் ஓடர் கிடைத்தது. நன்றி." என்பதில் எங்களுக்கு 15 எழுத்து, போன் கம்பனிக் கணக்கில் இடைவெளியும் சேர்த்து 29. நீங்கள் எழுதி வைத்திருக்கிற நீண்ட வாழ்த்துச் செய்தி நாலு செய்தியாகப் போகும், நாலுக்கும் காசு. சுருக்குங்கள், வாழ்த்தைப் பார்சலுக்குள் கடதாசியில் வையுங்கள். மின்னஞ்சலை நம்பி இருக்க வேண்டாம், எங்கள் ஆட்கள் அதைப் பார்ப்பதே இல்லை. ஆனாலும் அஞ்சல் உங்களிடமிருந்துதான் வந்தது என்று காட்டுகிற எஸ்பிஎஃப், டிகிம் பதிவுகளைப் போட்டு வையுங்கள், இல்லாவிட்டால் ஜிமெயிலில் நேரே ஸ்பாமுக்குள் போகும், வெளிநாட்டுக்காரர் ரசீதைத் தேடிக்கொண்டிருப்பார்.

அடுத்தது ஒரு சொந்தக் கதை. டொமைன், அதாவது தளத்தின் இணையப் பெயர், யாருடைய பெயரில், யாருடைய மின்னஞ்சலில்? முன்பு நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு தளம் நடத்தினோம். டொமைனை வாங்கியது ஒரு நண்பன், தன் சொந்த மின்னஞ்சலில், தன் சிம்முக்கு ஓடிபி வருகிற மாதிரி. அவன் கட்டாருக்கு வேலைக்குப் போனான், இங்கத்தைய சிம் ரீலோட் போடாமல் செத்துப்போனது. ஒரு வருடம் கழித்து டொமைன் முடிகிற நேரம் உள்ளே போக வழி இல்லை, அவனுக்கும் கடவுச்சொல் ஞாபகம் இல்லை. தளமும் போனது, அந்தப் பெயரில் இருந்த மின்னஞ்சலும் போனது. உங்கள் நாலு பேரில் ஒருவருக்கு விசா வராது என்று என்ன நிச்சயம்? குழுவுக்கென்று ஒரு மின்னஞ்சல், இரண்டு பேர் கையில் சாவி, மீட்புக் குறியீடுகளை அச்செடுத்து ஒரு உறையில் வைத்து யாருடைய அம்மாவிடமாவது கொடுத்து வையுங்கள். அம்மாமார் கடதாசி தொலைக்க மாட்டார்கள்.

மிச்சமெல்லாம் சின்ன வேலை, வேகமாகச் சொல்கிறேன். கட்டும்போது கூகிள் தேடலில் வரக் கூடாது என்று, தளம் கட்டுகிற வேர்ட்பிரஸ் மென்பொருளின் அமைப்பில் ஒரு டிக் போட்டிருப்பீர்கள், திறக்கும் நாளில் அதை எடுக்க மறப்பது உலகம் முழுக்க நடக்கிற பிழை, நான் ஒரு தளத்தில் இரண்டு மாதம் மறந்திருக்கிறேன். டொமைனில் இப்போது "விரைவில் வருகிறோம்" பக்கம் இருக்கிறது, வேறு சேர்வருக்கு மாற்றுவதாக இருந்தால் இரண்டு நாள் முன்பே, பெயர் எந்தச் சேர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்கிற டிஎன்எஸ் பதிவின் ஆயுளை 300 விநாடிக்குக் குறையுங்கள், 86400 என்று கிடந்தால் மாற்றிய பிறகும் ஒரு நாள் வரை சிலருக்குப் பழைய பக்கமே வரும். அந்தப் பழைய பக்கத்தின் படத்தை பேஸ்புக்கும் ஞாபகத்தில் வைத்திருக்கும், அவர்களுடைய ஷேரிங் டிபக்கர் என்ற பக்கத்தில் லிங்கைப் போட்டுப் புதுப்பித்த பிறகுதான் பகிருங்கள். சேர்வரின் கடிகாரம் பெரும்பாலும் எங்களை விட ஐந்தரை மணித்தியாலம் பின்னால் இருக்கும், "இன்று நள்ளிரவு வரை கழிவு" என்று போட்டால் விடியற்காலை ஐந்தரை வரை கழிவு கொடுப்பீர்கள். தளத்தின் இணைப்பைப் பாதுகாக்கிற லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் 90 நாளுக்குத்தான், பொங்கலன்று எடுத்தது கிட்டத்தட்டச் சித்திரைப் புத்தாண்டு அன்றைக்கு முடியும், சேலை வியாபாரத்துக்கு அதைவிட மோசமான நாள் கிடையாது. முன்பெல்லாம் முடியப் போகிறது என்று மின்னஞ்சல் அனுப்புவார்கள், 2025 ஜூனோடு நிறுத்திவிட்டார்கள். தானாகப் புதுப்பிக்கிறதா என்று இப்போதே ஓட்டிப் பாருங்கள்.

பேக்கப் எடுக்கிறோம் என்று எழுதியிருந்தீர்கள். எடுப்பது பேக்கப் இல்லை, திரும்பப் போட்டுப் பார்த்ததுதான் பேக்கப். 2017 ஜனவரி 31 அன்று மென்பொருள் எழுதுகிறவர்கள் பாவிக்கிற கிட்லாப் தளத்தின் நிறுவனத்தில் ஒருவர் இரவு வேலையில் தவறான சேர்வரில் டேட்டாபேஸை அழித்துவிட்டார், ஐந்து விதமான காப்பு ஏற்பாடு இருந்தும் ஒன்றும் ஒழுங்காக வேலை செய்யவில்லை, ஆறு மணித்தியாலத்துக்கு முன் தற்செயலாக எடுத்த ஒரு பிரதியால்தான் மிச்சம் தப்பியது. அவ்வளவு பெரிய ஆட்கள். ஒரு பின்னேரம் ஒதுக்கி, பேக்கப்பை இன்னொரு கணினியில் போட்டு ஓடுகிறதா என்று பாருங்கள், எத்தனை நிமிடம் எடுத்தது என்றும் குறித்து வையுங்கள்.

கடைசியாக லைவ் சாட். வேண்டாம். இலண்டனில் இரவு எட்டு மணிக்கு ஒருவர் சாப்பிட்டுவிட்டுச் சேலை பார்க்க வந்தால் இங்கே நடுச்சாமம் ஒன்றரை, பதில் சொல்ல யார் விழித்திருப்பீர்கள்? சாட் பெட்டி இருந்து பதில் வராவிட்டால் கடை பூட்டிக் கிடக்கிறது என்றுதான் நினைப்பார்கள். அதற்குப் பதில் ஒரு வட்ஸ்அப் நம்பர், பக்கத்தில் "இலங்கை நேரம் காலை 8 முதல் இரவு 8 வரை" என்று எழுதிவிடுங்கள். அந்தப் போனை வைத்திருப்பவர் முதல் மாதம் ஒரு கொப்பியில் வந்த கேள்வியை எல்லாம் எழுதட்டும். ஒரே கேள்வி மூன்று தடவை வந்தால் அதற்கான பதிலைச் சேலைப் படத்துக்குக் கீழேயே போடுங்கள். அனேகமாக முதலாவதாக வரப்போவது "சாயம் போகுமா?"தான், அதை இன்றைக்கே நெசவாளரிடம் கேட்டு வையுங்கள்.